மைக்கல் வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் ஜப்பானிய மைக்கல் (மைக்கட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, எழுதும் மை எடுக்கிற கல்) வாங்கிய ஒருவர் சென்ற மாதம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அரை மணி நேரம் தேய்த்தாலும் மை கறுக்கவே மாட்டேன் என்கிறது. இது போலிக் கல்" என்றார். கல் அசல்தான். விற்கும்போது சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தையை நாங்கள்தான் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

அவருடையது மியாகி மாகாணம் ஒகாட்சுவில் செதுக்கிய கல். சிலேட்டு இனம். அந்தக் கடலோர ஊரில் இந்தத் தொழில் 600 ஆண்டுகளாக நடக்கிறது. 2011 சுனாமி ஊரையே வாரிக்கொண்டு போனது. டோக்கியோ ரயில் நிலையக் கூரைக்காக வைத்திருந்த ஒகாட்சு சிலேட்டுகளும் அதில் சிக்கின. பொறுக்கிக் கழுவி, அவற்றைக் கூரையில் பதித்தார்கள். பட்டறைகள் இன்று மிகக் குறைவு. நீங்கள் கேட்ட கல் தாமதமாக வருவதற்கு அதுதான் காரணம்.

மைக்கலில் இரண்டே பகுதி. மேடான பகுதி 'ஒகா', அதாவது நிலம். மை வழிந்து தேங்கும் குழி 'உமி', அதாவது கடல். (நெல் உமி இல்லை!) நீண்ட கைப்பிடியுள்ள உளியின் பின்முனையைத் தோளில் முட்டுக்கொடுத்து, உடம்பின் பாரத்தையே கொடுத்துச் செதுக்குவார்கள். விலை அந்த உழைப்புக்கு மட்டும் இல்லை. ஒகாவை விரலால் தடவினால் பட்டுப்போல இருக்கும்; ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்பற்கள் அதில் உண்டு. ஜப்பானியர் அதை 'ஹோபோ' என்பார்கள். புகைக்கரியும் விலங்குப் பசையும் பிசைந்து செய்த மைக்கட்டியை அரைப்பது அந்தப் பற்கள்தான். அம்மி வழுவழுத்தால் கொத்துகிறோமே, அதே கதை.

திரும்பி வந்த கல்லில் பழைய மை காய்ந்து பற்களை அடைத்திருந்தது. மென்மையான சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் வட்டமாகச் சிறிது நேரம் தேய்த்தோம். மை கறுத்தது. அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்.

எழுதி முடித்த அன்றே தண்ணீரில் கழுவிவிடுங்கள். சோப்பும் வெந்நீரும் வேண்டாம். தேய்க்கும்போது சந்தனம் இழைக்கிற மாதிரி, சில சொட்டுத் தண்ணீரில் நிதானமாக இழைத்தால் போதும். பலம் போட்டால் மை திப்பி திப்பியாகத்தான் வரும்.

அப்புறம், யாமாகுச்சி மாகாணத்து அகாமா கல் வாங்கியவர்களுக்கு: செம்பழுப்பு அதன் இயல்பான நிறம், சாயம் இல்லை. சிலர் போன் செய்து கேட்டீர்கள்.

கல் வழுக்கினால் கடைக்குக் கொண்டுவாருங்கள், முதல் தடவை நாங்களே காசில்லாமல் தீட்டித் தருகிறோம். ஈர மைக்கட்டியைக் கல்லின் மேலேயே நிறுத்தி வைத்துவிட்டுப் போவதை மட்டும் செய்யாதீர்கள். பசை இறுகி ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் கல்லும் சில்லாகப் பெயர்ந்து வரும். அதற்கு எங்களிடம் வைத்தியம் இல்லை.

அன்புடன்,
கடையிலிருந்து