ஃபியூஸ் பெட்டியைத் திறக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஹாரன் அடிக்கவில்லை, வைப்பர் ஓடவில்லை என்று எங்கள் தண்டையார்பேட்டைக் கடைக்கு வரும் சிறிய கார்கள் பலவற்றில், கோளாறு சில ரூபாய் விலையுள்ள ஒரு ஃபியூஸில்தான் இருக்கிறது. அதை நீங்களே கண்டறிய முடியும் என்பதால் இதை எழுதுகிறோம்.

சிறிய கார்களில் பெரும்பாலும் இரண்டு ஃபியூஸ் பெட்டிகள் இருக்கும். ஒன்று ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்காலுக்கு அருகில். மற்றொன்று பானட்டுக்குள், பேட்டரியை ஒட்டி. எந்த ஃபியூஸ் எதற்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எண்ணை நம்பாமல், மூடியின் உட்புறத்திலோ காருடன் வந்த கையேட்டிலோ உள்ள படத்தையே பாருங்கள். கழற்றிய மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு, நல்ல ஃபியூஸைப் பிடுங்கியவர்கள் உண்டு (எங்கள் பையன்களும் இதற்கு விலக்கல்ல).

சாவியை அணைத்து எடுத்த பிறகே ஃபியூஸைத் தொடுங்கள். பிடுங்குவதற்கென ஒரு சிறு பிளாஸ்டிக் இடுக்கி பல கார்களில் பெட்டிக்குள்ளேயே செருகியிருக்கும். எடுத்த ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே வளைந்து செல்லும் மெல்லிய கம்பி அறுந்திருப்பதோ கருகியிருப்பதோ தெரியும். தலையில் அச்சிட்ட எண்தான் ஆம்பியர், அதாவது அந்த ஃபியூஸ் தாங்கும் மின்னோட்டத்தின் அளவு. நிறமும் அதையே சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

அந்த எண்ணை ஒருபோதும் கூட்டாதீர்கள். சார்ஜர் சாக்கெட்டின் 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று வேறெங்கோ 30 போட்டுக்கொண்ட கார் ஒன்று எங்களிடம் வந்தபோது, ஃபியூஸ் நன்றாக இருந்தது, ஒயரின் உறைதான் உருகி ஒட்டிக்கிடந்தது. சாக்கெட்டின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் விழுந்திருந்தது, தொல்லை அவ்வளவே. புதிய ஃபியூஸும் உடனே போனால், மூன்றாவதைப் போடாமல் காரைக் கொண்டுவாருங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவது தீக்கு வழி.

கடற்காற்று படும் காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் கார்களில், ஃபியூஸ் அறுந்திராமலேயே அதன் கால்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்து மின்சாரம் தடைபடுவதுண்டு. காருக்குள் மழைநீர் புகுந்திருந்தால் சாவியைப் போடவே வேண்டாம், எங்களை அழையுங்கள்.

ஒரே ஆம்பியரிலும் ஃபியூஸ்கள் பெரிது, சிறிது, குட்டைக்கால் என வேறுபடுவதால், புதிது வாங்க வரும்போது பழையதைக் கையோடு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கார் எலெக்ட்ரிகல் கடையினர்,
தண்டையார்பேட்டை