காவுசாவும் அத்தோவும்

ஷார்ஜா
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு இந்தத் தடவை சோம்பேறித்தனம் காரணம் இல்லை. சாப்பாடு. சத்தியமாகச் சாப்பாடுதான், சிரிக்காதே.

முதலில் உன் சங்கதி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. அடுப்புப் பக்கம் போகாதீங்க என்றால் அவர் கேட்க மாட்டார், எனக்கும் தெரியும். புகை படாமலாவது பார்த்துக்கொள். உன் மூட்டு வலிக்கு நான் சொன்ன நடைப்பயிற்சியை நீ ஒரு நாள்கூடச் செய்திருக்க மாட்டாய் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அதாவது போன மாதம் வரைக்கும் இருந்தது.

இனி கதைக்கு வருகிறேன். என்னோடு ஸ்டோரில் பதினெட்டு வருஷமாக இருக்கும் கராச்சிக்காரர் ஞாபகம் இருக்கிறதா? போனில் உன்னிடம் "ரஜினி கைசா ஹை?" என்று கேட்டாரே, அந்தப் பாய். அடுத்த மாதக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே போகிறார். ஒரு நாள் டீ குடிக்கும்போது மனசு விட்டுச் சொன்னார்: "இருபத்தாறு வருஷம் இந்த ஊர்ல இருந்துட்டேன். உலகத்துல இருக்கிற அத்தனை ஊர்க்காரனும் இங்க கடை போட்டிருக்கான். நான் சாப்பிட்டது நிஹாரி, கடாய், பிரியாணி. பேரன் கேட்டா என்ன சொல்றது?"

அந்தப் பேச்சில் எனக்கும் ஒரு குத்து விழுந்தது. நான் மட்டும் என்ன கிழித்தேன்? துபாய் கராமாவில் சாம்பார் வடை, ரூமில் தயிர் சாதம். ஆகவே சனிக்கிழமை ராத்திரிகளை இதற்கென்று ஒதுக்கினோம். வண்டி வைத்திருக்கிற பெஷாவர் டிரைவர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். எங்கே போவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என் தலையில்.

பீட்சா, பர்கர் எல்லாம் கராச்சியிலேயே தெருவுக்குத் தெரு உண்டு. 'சைனீஸ்' என்றால் அவர்களுக்குச் சிக்கன் மஞ்சூரியனும் எக் ஃப்ரைடு ரைஸும், நமக்கு இருப்பது போலத்தான். நான் ஒரு கணக்குப் போட்டேன். பாயின் நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்த பண்டங்களின் சொந்தக்காரர்கள் யார் யார் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தேடுவது. பெண் பார்க்கப் போகிற மாதிரி, முதலில் உறவுக்குள்ளே பார்ப்போமே என்று.

முதல் வாரம் ஹரீஸ். இந்த ஊர் அரபிகளின் பண்டம். கோதுமையையும் கறியையும் மணிக்கணக்காக வேகவைத்து, இரண்டும் ஒன்றாகிற வரைக்கும் அடித்து, உப்பும் மேலே கொஞ்சம் நெய்யும். அவ்வளவுதான். நோன்பு மாதத்திலும் கல்யாணத்திலும் இது இல்லாமல் நடக்காது. 2023இல் அமீரகம், ஓமன், சவுதி மூன்றும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இதைப் பதிந்தன. பாயின் ஊர் ஹலீமுக்கு இதுதான் பாட்டி. ஹலீமில் பருப்பு வகைகள் சேரும், மசாலா சேரும், மேலே பொரித்த வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் வரும். பாய் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஹலீம்தான். ஆனா பொண்ணுக்கு நகை போட மறந்துட்டாங்க" என்றார். பையனைக் கூப்பிட்டுப் பச்சை மிளகாய் கேட்டார். அவன் எலுமிச்சை கொண்டுவந்தான். எனக்கோ அது பிடித்தது மச்சி. மசாலா இல்லாததால் கோதுமையின் மணம் தெரிந்தது, குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சி மாதிரி ஒரு சாந்தம்.

இரண்டாவது வாரம் உஸ்பெக் பலாவ். கறியையும் வெங்காயத்தையும் கொழுப்பில் வதக்கி, மேலே நீளநீளமாக நறுக்கிய கேரட்டை அடுக்கி, சீரகம் போட்டு, முழுப் பூண்டை உரிக்காமல் செருகி, அரிசியைக் கடைசியில் பரப்பி, கிளறாமல் வேகவிடுகிறார்கள். பெரிய இரும்புக் கொப்பரையில்தான் செய்ய வேண்டுமாம். கூடவே தக்காளியும் வெங்காயமும் மெல்லிசாக அரிந்த ஒரு கூட்டு, பால் இல்லாத பச்சைத் தேநீர். பாய் மரியாதைக்குச் சாப்பிட்டார். "இது பிரியாணிக்கு அப்பாங்கிறியா? அப்பா ரொம்ப சாது" என்றார். பெஷாவர்க்காரர்தான் அன்றைக்கு அசத்தினார். அவர்கள் பக்கம் காபுலி புலாவ் என்று கேரட்டும் உலர்ந்த திராட்சையும் போட்டு ஒன்று உண்டு. வாயே திறக்காமல் தன் தட்டை முடித்தார், பிறகு பாய் தட்டில் மிச்சம் இருந்ததையும் முடித்தார். திரும்பும்போது வண்டியை மெதுவாக ஓட்டினார்.

மூன்றாவது வாரம் என் தப்பு. சிங்கப்பூர்ச் சிக்கன் ரைஸ் வாங்கித் தந்தேன். கோழியைத் தண்ணீரில் மெதுவாக வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே சோற்றை வடிப்பது. தோல் வெள்ளையாகப் பளபளத்ததைப் பார்த்து, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று பாய் கேட்டார். அதே தெருவில் இருந்த ஜப்பான்காரன் கடைப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பச்சை மீன் என்ற பேச்சை எடுத்தாலே பெஷாவர்க்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நான்காவது வாரம்தான் ஆட்டம் மாறியது. லான்சோ நூடுல்ஸ். சீனாவின் கான்சு மாகாணத்துத் தலைநகர் லான்சோ. அங்கே ஹூயி முஸ்லிம்கள் செய்வது இது. மாவை ஒரு ஆள் கண்ணெதிரே இழுக்கிறான், மடிக்கிறான், இழுக்கிறான். நம்ம பரோட்டா மாஸ்டர் மாவு வீசுகிற அழகு ஞாபகம் வந்தது. ஒரே உருண்டை நூலாகிறது. மயிரிழை மெல்லிசிலிருந்து பெல்ட் அகலம் வரைக்கும் எந்த அளவு வேண்டும் என்று கேட்டு இழுக்கிறான். மாட்டெலும்புச் சாற்றில் போட்டுக் கொடுக்கிறான். நல்ல கிண்ணத்துக்கு அவர்கள் ஐந்து லட்சணம் சொல்கிறார்கள்: சாறு தெளிவு, முள்ளங்கி வெள்ளை, மிளகாய் எண்ணெய் சிவப்பு, கொத்தமல்லி பச்சை, நூடுல்ஸ் மஞ்சள்.

பாய்க்கு இது ஏன் பிடிக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். நிஹாரி என்பது என்ன? மாட்டுக் கால்கறியை ராத்திரி முழுக்கச் சின்னத் தீயில் வைத்து, விடியற்காலையில் மஜ்ஜையோடு சாப்பிடுவது. 'நஹார்' என்ற அரபிச் சொல்லுக்குப் பகல் என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர். டெல்லியின் பண்டம், 1947இல் அகதிகளாகப் போனவர்களோடு கராச்சிக்குப் போனது. எலும்பின் சாரம் சாற்றில் இறங்குகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும். பாய் முதலில் சாற்றை மட்டும் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். பிறகு மிளகாய் எண்ணெயை மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டார். "பக்கத்து நாடு. நம்ம குஞ்சராப் கணவாயைத் தாண்டினா சீனாதான். இத்தனை வருஷமா மஞ்சூரியனைத் தின்னுட்டிருந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கில்கித் பக்கம் மம்து என்று கறி வைத்த கொழுக்கட்டை கிடைக்குமாம், அதுவும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இறங்கியதாம். இது பெஷாவர்க்காரர் சொன்னது.

அதற்கடுத்த வாரம் எத்தியோப்பியக் கடை. இந்த ஊரில் கறி ஹலால்தான் என்றாலும், பாய் கல்லாவில் ஒரு தடவை கேட்காமல் உட்கார மாட்டார். கேட்டார், உட்கார்ந்தார். இன்ஜெரா என்று பெரிய தாம்பாளம் அகலத்துக்கு ஒரு தோசை. டெஃப் என்ற கசகசா மாதிரிப் பொடி தானியத்தை அரைத்து, சில நாள் புளிக்கவைத்து ஊற்றுவது. ஒரு பக்கம் மட்டும் வேகும், மேலே முழுக்கக் கண் கண்ணாக இருக்கும், ஆப்பத்தின் நடுவைப் பார்க்கிற மாதிரி. அதன் மேலேயே குழம்புகளைக் கொட்டிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். தட்டும் அதுதான், ரொட்டியும் அதுதான். கோழிக் குழம்பில் முழு முட்டை கிடக்கிறது, மிளகாய்ப் பொடி காதில் புகை வர வைக்கிறது. உறைப்பு பாய்க்கு வீட்டுக்கு வந்த மாதிரி. ஆனால் ரொட்டி புளிக்கிறதே என்று முகம் சுளித்தார். எங்கள் ஊரில் புளிக்காத மாவை மதிக்கவே மாட்டோம் என்றேன். பக்கத்து மேசையில் ஒரு எத்தியோப்பியக் குடும்பம், ஒருவருக்கொருவர் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். குர்ஷா என்று பெயராம், பாசத்துக்குச் செய்வது. பாய் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ஒரு துண்டில் கறியைச் சுருட்டி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் வாயில் திணித்தார். கை பெரிசு, கவளமும் பெரிசு. இருமல் வந்துவிட்டது எனக்கு.

போன வாரம்தான் ரெண்டாங். உனக்கு எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். சுமத்ராவின் மேற்குப் பக்கத்து மினாங்கபாவு மக்களின் மாட்டுக்கறி. தேங்காய்ப்பாலில் எலுமிச்சைப் புல், மஞ்சள் இலை, சித்தரத்தை மாதிரி ஒரு கிழங்கு எல்லாம் போட்டு, பால் வற்றி எண்ணெய் கக்கி, கறி அந்த எண்ணெயிலேயே வறுபட்டுக் கறுக்கிற வரைக்கும் விடுகிறார்கள். மூன்று நாலு மணி நேரம் ஆகும். நாள் கணக்கில் கெடாது. அந்த ஊர் ஆண்கள் பிழைப்புக்கு வெளியூர் போவது ஒரு வழக்கம், மெரந்தாவ் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. போகிறவர்களுக்குக் கட்டிக் கொடுக்கத் தோதான பண்டம். நாம் புளியோதரையும் மிளகாய்ப் பொடியும் கட்டிக்கொண்டு வந்தோமே, அந்த மாதிரி.

பாய் இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறுத்தினார். "இந்தத் தேங்காய் வாசனை... எங்க நானி செய்யிற காவுசா" என்றார். நானி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. என்ன சா என்றேன். நூடுல்ஸை வேகவைத்து, கடலை மாவும் தேங்காய்ப்பாலும் கரைத்த குழம்பை ஊற்றி, மேலே காரமான கறி, வறுத்த பூண்டு, மொறுமொறுவென்று ஏதாவது, எலுமிச்சை. கராச்சியில் மேமன்கள், அதாவது குஜராத் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள், வீட்டு விருந்துச் சாப்பாடு. பாய் மேமன் என்பது பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியும், காவுசா தெரியாது. உங்களுக்கு ஏது நூடுல்ஸ் என்று கேட்டேன். "நானி பிறந்தது ரங்கூன்ல. தாத்தாவுக்கு அங்க துணிக்கடை. 42ல ஜப்பான்காரன் குண்டு போட்டதும் குஜராத்துல காத்தியவாருக்கு ஓடிவந்தாங்க. அப்புறம் அங்கேயிருந்து கராச்சி."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது மச்சி. உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை கௌஸ்வே! உங்கம்மா 64இல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! வியாசர்பாடி வீட்டுத் திண்ணையில் நாம் கிண்ணத்தை நக்கின அதே கௌஸ்வேதான் கராச்சியில் காவுசா. அந்தக் கடையிலேயே பாய்க்கு எல்லாம் சொன்னேன். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே தள்ளுவண்டியில் அத்தோ, கையாலேயே நூடுல்ஸையும் முட்டைகோஸையும் வறுத்த வெங்காயத்தையும் புளித்தண்ணியையும் பிசைகிற வேகம், பேஜோவை நொறுக்கிப் போடுகிற சத்தம், கூட வாழைத்தண்டு சூப், வயிற்றைப் பிளந்து வெங்காயம் வைத்த முட்டை. 'அத்தோ' என்றால் பர்மியில் பிசைந்தது, 'பேஜோ' என்றால் பருப்புப் பொரியல் என்று உங்கம்மா எனக்கு அர்த்தம் சொன்னது எல்லாம் சொன்னேன். பெஷாவர்க்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு ரெண்டாங்குக்குச் சொன்னார்.

இன்றைக்கு மதியம் பாய் ரூமில் காவுசா செய்தார். நூடுல்ஸுக்குப் பதில் ஸ்பகெட்டி, கராச்சியிலும் அப்படித்தானாம். குழம்பில் கொஞ்சம் தயிர். மொறுமொறுப்புக்கு உருளைக்கிழங்குச் சிப்ஸை நொறுக்கிப் போட்டார். ருசி, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் புளி இல்லை, பேஜோ இல்லை. சிப்ஸ் குழம்பில் விழுந்த நிமிஷமே தொய்ந்துவிடுகிறது. பேஜோ அவ்வளவு சீக்கிரம் தோற்காதே. அதைச் சொன்னதும் பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பக்குவம் வாங்கித் தராமல் அவர் என்னை விடப்போவதில்லை. ஊருக்குப் போனதும் பேரனுக்கு ஆறு வாரக் கதையைச் சொல்லி, கடைசியில் பேஜோ போட்ட காவுசாவைக் கையில் கொடுக்க வேண்டும் என்கிறார். மெக்சிகோக்காரர்களின் பிரியா என்று ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டி தோய்க்கிற ஒன்றைக் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அதில் இப்போது அவருக்கு நாட்டமே இல்லை.

ஆகவே உனக்கு ஒரு வேலை. அம்மாவை அடுப்புப் பக்கம் விடாதே, நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டு எழுது. பேஜோவுக்கு வெறும் கடலை மாவா, அரிசி மாவும் உண்டா? கடலைப் பருப்பு ஊறவைத்துச் சேர்ப்பாரா? எண்ணெய் எவ்வளவு காய வேண்டும்? "கைப்பிடி" என்றுதான் சொல்வார், அந்தக் கைப்பிடியை நீ தராசில் போட்டு எத்தனை கிராம் என்று எழுது. பாய்க்கு 28ஆம் தேதி விமானம். அதற்குள் இங்கே ஒரு தடவையாவது பொரித்துப் பார்க்க வேண்டும்.

அம்மாவிடம், ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்த மேமன் யாரையாவது தெரியுமா என்றும் கேள்.

உன்
குண்டு