டோன் வந்தால் போதாது, மச்சான்

காட்பாடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் எப்படி இருக்கிறது? மருமகள் மாடிப்படி ஏறவே விடுவதில்லை என்று எழுதியிருந்தாய். கொடுத்து வைத்தவன். இங்கே இந்த வயதிலும் ஏணி மேல் நிற்கிறேன், தடுக்க ஆளில்லை.

ரிட்டயர் ஆகியும் கேபிள் இழுக்கும் ஆசை தீரவில்லையா என்று கேட்டிருந்தாய். ஆசை எங்கே தீரும்? ஒரு கல்லூரியில் நெட்வொர்க் வேலைக்கு வாரத்தில் நான்கு நாள் போய்க்கொண்டிருந்தேன் அல்லவா, அங்கே இயற்பியல் துறைக்காரர்கள் ஒரு பழைய தகரக் கொட்டகையைச் சோதனைக் கூடமாக மாற்றினார்கள். காஸ்மிக் கதிரை, அதாவது வானவெளியிலிருந்து வந்து விழும் துகள்களை, பிடிக்கப் போகிறார்களாம். அதற்கு ஃபைபர், அதுதான் ஒளி ஓடும் கண்ணாடி இழைக் கேபிள், எப்படிப் போடுவது என்று திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பத்தைந்து வருடம் தொலைபேசித் துறையில் குப்பை கொட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் போனேன். நன்றாகக் குட்டு வாங்கினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கூடம் கிட்டத்தட்ட இருபது மீட்டர் நீளம். நான்கு மூலையிலும் ஒவ்வொரு பெட்டி. துகள் ஒன்று பட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பலகை மினுக்கென்று ஒளிரும். அதைக் கருவி ஒன்று மின்துடிப்பாக்கி, பிறகு ஒளித்துடிப்பாக்கி, ஃபைபர் வழியாகக் கருவிகள் அடுக்கிய ரேக்குக்கு அனுப்பும். இத்தனை கிட்டத்தில் தாமிரக் கம்பியே போதாதா என்று நீயும் கேட்பாய், நானும் கேட்டேன். பெட்டிக்குள்ளே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. மூலைக்கு மூலை எர்த் வித்தியாசப்பட்டால் சிக்னலில் இரைச்சல் ஏறும். அப்புறம் மின்னல். போன ஐப்பசி மழையில், நான் சோம்பல்பட்டு வெளியே தொங்கவிட்ட ஒரு லேன் கேபிள் வழியாக மின்னல் உள்ளே நுழைந்து இரண்டு ஸ்விட்சைக் கருக்கிவிட்டுப் போனது. அதனால் ஃபைபர்தான் என்று முடிவானது. எலிக்குப் பயந்து இரும்புத் தகடு சுற்றிய கேபிள் கேட்டிருந்தேன். இரும்பைக் கொண்டுவந்தால் எர்த் தொல்லையும் கூடவே வருமே என்று உறைத்ததும், உலோகமே இல்லாத, கண்ணாடி நார் சுற்றிய கேபிளாக மாற்றிக்கொண்டேன்.

கொட்டகையிலிருந்து பிரதான கட்டடத்துக்கு 24 கோர், அதாவது 24 இழை உள்ள கேபிள், போட்டேன். இப்போதைக்கு ஆறுதான் தேவை. மீதி 18 எதற்குச் சும்மா கிடக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பள்ளம் தோண்டுகிற கூலியில் கண்ணாடியின் விலை எந்த மூலைக்கு? நாளைக்கு இன்னொரு கருவி வந்தால் மறுபடி ஜேசிபியையா கூப்பிடுவது? இன்னொருவர் வினாடிக்குப் பத்து கிகாபிட் வேகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் (காஸ்மிக் கதிர் காற்றில் மோதுவதால் பிறக்கும் துகள்) விழுகிறது. ஒரு சதுர மீட்டர் பலகைக்குக் கணக்குப் போட்டால் வினாடிக்குச் சுமார் 170. அதற்குப் பத்து கிகாபிட் என்பது பாட்டிக்குப் பலகாரம் வாங்கிவர லாரி அனுப்புவது மாதிரி. ஒரு கிகாபிட்டே தாராளம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, குட்டு வாங்கின கதைக்கு வருகிறேன். துறையில் ஒரு மேடம் இருக்கிறார், நம் பெண்கள் வயதுதான். நான்கு மூலைக்கும் போகும் கேபிள்கள் ஒரே நீளம் இருக்க வேண்டும், நாற்பது மீட்டர், என்றார். பாலாற்றுப் பக்கத்து மூலை ரேக்கிலிருந்து ஆறு மீட்டர்தான் மச்சான். அதற்கும் நாற்பதாம். மிச்சத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைக்க வேண்டுமாம். படித்தவர்கள் இப்படித்தான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஸ்பிளைசிங்குக்கு, அதாவது இழைகளை உருக்கி ஒட்டுவதற்கு, குடியாத்தத்துப் பையன் ஒருவன் வந்தான். அக்னி நட்சத்திரம் வேறு. தகரக் கூரைக்குக் கீழே ஃபேனையும் நிறுத்தச் சொல்லிவிட்டான், தூசு பறக்குமாம். வியர்வை சொட்டாமல் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேலுறையை உரித்து, ஆல்கஹால் நனைத்த துடைப்பானால் ஒரே இழுப்பில் துடைத்தான். அது கிறீச்சென்று கத்தினால்தான் சுத்தம் என்று அர்த்தமாம். முனையை வெட்டி, மெஷினில் வைத்து மூடியை இறக்கினான். திரையில் இரண்டு கண்ணாடிக் கம்பமும் எதிரெதிரே வந்து நின்றன. பட்டென்று ஒரு பொறி, ஒன்றாகிவிட்டன. ஒளி இழப்பு வெறும் 0.02 டிபி (டெசிபல்). உள்ளே ஒளி ஓடுகிற இடம் வெறும் 9 மைக்ரான், தலைமுடியில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. நீயும் நானும் ஆள் இறங்கும் குழிக்குள் பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு விடிய விடிய ஜாயின்ட் போட்டது நினைவுக்கு வந்தது. நிற வரிசை மட்டும் மாறவில்லை: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சிலேட். பையன் முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினான், நானும் கூடவே சொன்னேன்.

ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டர் வைத்துப் பார்த்தோம், எல்லாம் சுத்தம். நம் காலத்தில் போனில் டோன் வந்தால் வேலை முடிந்தது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆம்பூர்ப் பிரியாணி வாங்கிக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து மேடம் கூப்பிட்டார். மேலேயிருந்து வரும் துகள் காற்றில் மோதிச் சிதறி, பெரிய தட்டு மாதிரி இறங்குமாம். தட்டின் விளிம்பு எந்த மூலையை முதலில் தொடுகிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கணக்கு. படத்தைப் பார்த்தால், வானத்திலிருந்து வந்ததெல்லாம் பாலாற்றுப் பக்கமிருந்தே வந்திருக்கிறது! "தண்ணிதான் வரலை, இதாவது வருதே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பெட்டிகளை இடம் மாற்றிப் பார்த்தார், அப்போதும் அதே மூலைதான். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கேபிள் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருக்கும் அல்லவா? டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த முனை 412, அந்த முனை 440. இருபத்தெட்டு மீட்டர்! பையனுக்குப் போன் போட்டேன். "ஆறு மீட்டருக்கு நாப்பதை இன்னாத்துக்கு சார் சுத்தி வெக்கணும், வேஸ்ட்டா?" என்றான். நான் மனதில் நினைத்ததைத்தான் அவன் கத்தரித்திருக்கிறான், எப்படித் திட்டுவது?

கண்ணாடிக்குள் ஒளி நானோவினாடிக்கு 20 செ.மீ.தான் போகும். மீட்டருக்கு 5 நானோவினாடி. 12 மீட்டர் குறைந்ததால் அந்த மூலைச் சேதி மட்டும் 60 நானோவினாடி முந்தி வந்திருக்கிறது. பவர் மீட்டர் ஏன் காட்டவில்லை என்கிறாய்? கிலோமீட்டருக்கே 0.35 டிபிதான் இழப்பு, 12 மீட்டருக்கு 0.004. அதன் கண்ணுக்கே தெரியாது. எனக்கு ஒளி வந்ததா என்பதுதான் கேள்வி, மேடத்துக்கு எப்போது வந்தது என்பது. நம் சர்வீஸில் நீளம் என்றால் பில்லில் எழுதுகிற கணக்கு மச்சான். அது நேரமும்கூட என்று யாரும் சொல்லித் தரவில்லை.

என் முகம் வாடியதைப் பார்த்து மேடம் ஒரு கதை சொன்னார். 2011இல் ஐரோப்பாவில் ஆபெரா என்றொரு சோதனை. ஜெனிவா பக்கத்துச் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு 730 கிலோமீட்டர். நியூட்ரினோ என்ற, எதிலும் அவ்வளவாக மோதாத நுண்துகள் ஒளியையே முந்தி 60 நானோவினாடி முன்னதாக வந்துவிட்டதாக அறிவித்தார்கள், உலகமே பரபரத்தது. கடைசியில் பார்த்தால், ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் ஃபைபர் கனெக்டர் ஒன்று சரியாகச் செருகப்படாமல் இருந்திருக்கிறது. ஒளி மங்கியதால் மறுமுனைக் கருவி தாமதமாக விழித்திருக்கிறது. மறு வருடம் திரும்ப அளந்தார்கள், நியூட்ரினோவும் ஒளிக்குச் சமமாகத்தான் ஓடியது. அங்கேயும் 60, இங்கேயும் 60. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது என்று வைத்துக்கொள்.

மென்பொருளில் 60ஐச் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம் என்றார் அவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு அவர் மாறிப்போவார், நான் போய்ச் சேருவேன், அந்த எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எவனுக்குத் தெரியும்? வெட்டிய 12 மீட்டர் பையனின் வண்டி டிக்கியிலேயே கிடந்தது, நல்லவேளை. வந்து சேர்த்துப் போட்டான். துடிப்பை அனுப்பித் திரும்ப வாங்கி அளந்ததில் நான்கும் ஒரு நானோவினாடிக்குள் ஒத்துப்போகின்றன. பெட்டி மூடியின் உட்புறம் மார்க்கரில் எழுதிவிட்டேன்: "40 மீட்டர். வெட்டாதே."

இன்னொரு விஷயம். 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோவை (காஸ்மிக் கதிர் காற்றில் மோதுவதால் பிறப்பது) உலகில் முதன்முதலாகப் பிடித்த இடங்களில் ஒன்று நம் கோலார் தங்கவயல் என்று மேடம் சொன்னார். டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. மியூவான்களில் பெரும்பாலானவை அத்தனை பாறையைத் தாண்டி இறங்காதாம், அதனால் அவ்வளவு ஆழம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அப்பா பேரணாம்பட்டிலிருந்து போய் வேலை பார்த்தது சாம்பியன் ரீஃப்பில்தானே? அந்த வருடம் அவர் அங்கேதானே இருந்தார்? பெட்டி பெட்டியாக என்னத்தையோ கீழே இறக்கினார்கள் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? மேடம் விடாமல் கேட்கிறார். எண் போட்ட பித்தளை பில்லை ஒன்று உங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்ததே, அது இன்னும் இருந்தால், ஆவணியில் கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வா. அவருக்குக் காட்ட வேண்டும்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் பழைய குழித்தோழன்