வரிசையை விட்டு வந்து உதவிய அக்காவுக்கு நன்றி

கடலூர் முதுநகரிலிருந்து முதன்முறையாக சிங்கப்பூர் கிளம்பினேன். சென்னை விமான நிலைய கவுண்டரில் 'அரைவல் கார்டு எங்கே?' என்றார்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவமாம் அது. விசா இருந்தால் போதும் என்று நினைத்திருந்த எனக்குக் கை நடுங்கிவிட்டது. நீங்கள்தான் உங்கள் வரிசையை விட்டு வந்து, என் போனிலேயே பொறுமையாக நிரப்பிக் கொடுத்தீர்கள். இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், சிங்கப்பூர் அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று சொல்லியும் தந்தீர்கள். அப்புறம் சோதனையில் கைப்பையிலிருந்த ஊறுகாய் போனது. 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்களாம். சரி, போகட்டும்.

பெயர் கேட்க மறந்துவிட்டேன் அக்கா. புதுச்சேரி முத்தியால்பேட்டை என்றீர்கள். உங்களுக்கென்று அம்மா ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறார்.