சூடாத கிரீடமும் குடியேறிய படையும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. துருக்கி சுல்தான் அனுப்பிய கிரீடத்தை ஹங்கேரியப் பிரபு இஸ்த்வான் போச்கை ஏன் அரசனாகச் சூடிக்கொள்ளவில்லை என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்ல, அவர் ஆட்சிக்கு வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1557-இல் கொலோஷ்வாரில் (இன்றைய ருமேனியாவின் க்ளூஜ் நகரம்) பிறந்தவர். ஹங்கேரிக்குக் கிழக்கே இருந்த டிரான்சில்வேனியாவை ஆண்ட இளவரசர் ஷிக்மோந்து பாத்தோரிக்குத் தாய்மாமன். முதலில், ஹங்கேரியின் அரசுரிமையையும் வைத்திருந்த ஹாப்ஸ்பர்க் பேரரச வம்சத்தின் பக்கம் நின்று துருக்கியரோடு போரிட்டவர்தான். ஆனால் 1593-இல் தொடங்கிய போர் நீண்டுகொண்டே போய்ப் பேரரசின் கஜானாவைக் காலி செய்தது. பணத்துக்காகப் பெரிய பிரபுக்கள் மீது ராஜதுரோக வழக்குப் போட்டுச் சொத்தைப் பிடுங்கினார்கள். 1604 ஜனவரியில் பேரரசின் தளபதி பெல்ஜொயோசோ கஷ்ஷா நகரப் (இன்றைய ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே) பெரிய தேவாலயத்தை லூத்தரன்கள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினரிடமிருந்து பறித்தார். துருக்கியர் பக்கம் தஞ்சமடைந்தவர்களோடு போச்கை வைத்திருந்த ரகசியக் கடிதத் தொடர்பு சிக்கியதும், பேரரசின் படை அவருடைய கோட்டைகளை நோக்கி வந்தது.

அப்போது அவருக்குக் கைகொடுத்தவர்கள் ஹய்தூக்கள். மாட்டு மந்தைகளை ஓட்டிச் செல்லும் ஆயுதம் தாங்கிய மேய்ப்பர்களாக இருந்து, கூலிப்படையாக மாறியவர்கள். பேரரசின் படையிலிருந்த ஹய்தூக்களே அணி மாறினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று ஆல்மொஷ்து என்ற ஊர் அருகே இருட்டில் பாய்ந்து பேரரசின் ஒரு படைப்பிரிவைச் சிதறடித்தார்கள். 1605 பிப்ரவரியில் டிரான்சில்வேனியா அவரைத் தன் இளவரசராகத் தேர்ந்தெடுத்தது. ஏப்ரலில் செரெஞ்ச் ஊரில் கூடிய சபை ஹங்கேரிக்கும் அவரையே இளவரசராக்கியது.

நவம்பர் 11-இல் பெஸ்ட் அருகே ராகோஷ் வெளியில் துருக்கிப் பிரதம அமைச்சர் லாலா மெஹ்மத் அந்தக் கிரீடத்தைக் கொடுத்தார். தங்கம், மாணிக்கம், மரகதம், முத்து எல்லாம் பதித்தது. இப்போது வியன்னா கருவூலத்தில் இருக்கிறது. ஆனால் ஹங்கேரி அரசராக முறைப்படி முடிசூடிய ஹாப்ஸ்பர்க் பேரரசர் ருடால்ஃப் உயிரோடு இருந்தார். சுல்தான் தந்த முடியை வைத்து அரசனானால் துருக்கியின் கையாள் என்ற பெயர் வரும், வியன்னாவோடு சமரசம் பேசவும் வழி இருக்காது. அதனால் பரிசாக மட்டும் வாங்கிக்கொண்டார். கணக்கு பலித்தது. 1606 ஜூன் மாத வியன்னா உடன்படிக்கையில் டிரான்சில்வேனியாவும், சபோல்ச், சத்மார், பெரெக், உகோச்சா மாவட்டங்களும், தொக்காய் கோட்டையும் கிடைத்தன. பிரபுக்களுக்கும் அரச நகரங்களுக்கும் மதச் சுதந்திரம் உறுதியானது. ஆண் வாரிசு இல்லாவிட்டால் நிலம் மன்னரிடமே திரும்பும் என்ற நிபந்தனைதான் ஓட்டை. அவருக்குப் பிள்ளையே இல்லை.

என்னைக் கேட்டால், கிரீடத்தைவிட 1605 டிசம்பர் 12 அன்று கொர்போனா நகரில் போச்கை எழுதிக் கொடுத்த சாசனம்தான் பெரிது. சம்பளம் கிடைக்காத படை ஊரைக் கொள்ளையடிக்கும். அந்தப் போர் முழுக்க நடந்ததே அதுதான். சம்பளப் பாக்கிக்குப் பதிலாக 9,254 ஹய்தூக்களுக்குக் கால்லோ ஊரையும், நானாஷ், தொரோக், ஹத்ஹாஸ் போன்ற ஆளற்ற நிலங்களையும் கொடுத்தார். கூட்டாகப் பிரபு அந்தஸ்து, வரி விலக்கு. கைம்மாறாக அழைத்தபோது படைக்கு வர வேண்டும். வேரில்லாமல் அலைந்த மனிதர்களை நிலத்தில் ஊன்றிய அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

1606 டிசம்பர் 29-இல் கஷ்ஷாவில் இறந்தார். விஷம் வைத்ததாகச் சந்தேகப்பட்டு அவருடைய அமைச்சர் மிஹாய் காத்தாயை ஹய்தூக்கள் நகரச் சந்தையில் வெட்டிக் கொன்றார்கள்.

தெப்ரெத்சென் நகருக்கு வடக்கே வரைபடத்தில் தேடிப் பார். நானாஷ், தொரோக், ஹத்ஹாஸ் மூன்றின் பெயருக்கு முன்னாலும் 'ஹய்தூ' இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
ரவி