‘ஆளே மாறிட்டார்’ என்று வீட்டார் சொன்னால்: தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். காலையில் தலைவலி, வாந்தி, வலிப்பு என்று ஒருவர் வந்தால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ கண்டி ஆஸ்பத்திரிக்கோ உடனே அனுப்பச் சொல்லித் துண்டு எழுதிவிடுகிறீர்கள். மூளையில் கட்டி இருந்தும் குணம் மட்டும் மாறி வருகிறவர்களுக்கு அந்தத் துண்டு எளிதில் கிடைப்பதில்லை. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பல வருடங்களாக மெதுவாக வளரும். அது நெற்றிக்குப் பின்னால் இருந்தால் முதலில் மாறுவது ஆளின் சுபாவமாகவே இருக்கலாம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் விடிந்தும் எழும்பாமல் கிடப்பார். கவலையென்று சொல்லவும் முடியாது, எதிலும் அக்கறை இருக்காது, அவ்வளவுதான். வேறொருவர் கூச்சமில்லாமல் பேசுவார், காரணமின்றிக் கோபப்படுவார். கேட்டால் தனக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்வார். தன்னைத் தானே எடைபோடும் திறனும் அங்கேதான் பாதிக்கப்படுகிறது.

என் பெரியப்பாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. பெரியம்மா டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனபோது குடியை நிறுத்தச் சொல்லி அனுப்பினார்கள். அவர் குடிக்கிறவரே இல்லை. அப்புறம் குறி சொல்லும் கோடாங்கியிடம் பார்த்தார்கள். ஸ்கேன் எடுக்கும்போது கட்டி பெரிதாகிவிட்டிருந்தது.

காதுக்கு மேலே, பக்கவாட்டு மூளையில் கட்டி இருந்தால் கதை வேறு. திடீரென்று ஒரு பயம், இல்லாத கருகல் வாடை, சில நொடி வெறித்த பார்வை வரும். அதுவும் வலிப்புதான், கை கால் இழுக்க வேண்டுமென்றில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதைக் காத்துக் கறுப்பு என்பார்கள். பெரும்பாலானோருக்கு மொழி இடப் பக்கத்தில் இருப்பதால், அந்தப் பக்கத்துக் கட்டி சொற்களைத் தின்னும். கிளியோபிளாஸ்டோமா போன்ற வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டிகளில் இந்த மாற்றமெல்லாம் சில வாரங்களிலேயே தெரியும்.

குணம் மாறுகிற எல்லோருக்கும் கட்டி இருக்காது. மனச்சோர்வும் குடியும்தான் அதிகம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நடுவயதில், முன்பு எந்த மனநோயும் இல்லாதவர் இப்படி மாறினால் ஒரு ஸ்கேன் கேட்டு எழுதுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகும் உங்கள் உதவி தேவை. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், சிலரை எரிந்து விழவும் வைக்கும். அதற்காக வீட்டார் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து. கிளினிக்கில் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். கதிர்வீச்சு முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்தும் ஞாபகமும் யோசிக்கும் வேகமும் குறையலாம். அப்படிப்பட்டவரிடம் பழைய கிலோ கணக்கில் தேயிலைக் கொழுந்து கேட்கக் கூடாது என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு எடுத்துச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கடைசியாக, துண்டைப் பற்றி. ‘தலைவலி’ என்று மட்டும் எழுதாதீர்கள். வீட்டார் சொன்ன மாற்றம் என்ன, எப்போதிருந்து என்று எழுதுங்கள். ‘நோயாளி பேசுவது தமிழ்’ என்பதையும் சேருங்கள். சொல் தடுமாறுகிற மனிதரைச் சிங்களத்தில் சோதித்தால், தடுமாறுவது நோயாலா மொழியாலா என்று எந்த டாக்டராலும் பிரித்துப் பார்க்க முடியாது. கூடவே, அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை