சாட்சியின் தடுமாற்றம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நாடுகளின் குற்றவியல் வழக்கு முறைகளை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "உண்மை பேசும் சாட்சி எந்த நாட்டு நீதிமன்றிலும் தடுமாறமாட்டார்" என்றொரு வரி இருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக, சனங்கள் 'முதலியார்' என்று அழைப்பவனாக, இலங்கை நீதிமன்றங்களில் சாட்சிக்கூண்டின் அருகில் நின்றவன் நான். அந்த வரியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைத் தாயொருவர் ஒரு கொலை வழக்கில் சாட்சி. இறந்தவர் அவருக்கு மச்சான், தாய்மாமனின் மகன். பொலிஸில் அவர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதியவர் 'அக்காவின் கணவன்' என்று எழுதிவிட்டார். இன்னது எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அவர் ஒப்பமிட்டார். எட்டு வருடம் கழித்து எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி, "அன்று அக்காவின் கணவன், இன்று மாமன் மகன், இதில் எது பொய்?" என்று சிங்களத்தில் கேட்டார். அதைத் தமிழில் அந்தத் தாயிடம் கேட்ட வாய் என்னுடையது. "மச்சான் எண்டுதானே ஐயா சொன்னன்" என்றவர், கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீர் கேட்டார். அது முரண்பாடாகக் குறிக்கப்பட்டது.

பிரான்ஸில் கடுங்குற்றங்களை விசாரிக்கும் அசீஸ் நீதிமன்றத்தில் சாட்சி தான் அறிந்ததை இடைமறிப்பின்றிச் சொல்லிமுடித்த பிறகே கேள்விகள் தொடங்கும். ஜேர்மன் சட்டமும் சாட்சியைத் தொடர்ச்சியாகப் பேசவிடச் சொல்கிறது. பிரான்ஸில் பாதிக்கப்பட்டவர் தன் சட்டத்தரணியோடு வழக்கின் ஒரு தரப்பாகவே அமரலாம். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற நமது முறையில் பாதிக்கப்பட்டவர் வழக்கின் தரப்பல்ல, அரசுக்காக வழக்கை நடத்தும் சட்டமா அதிபரின் சாட்சி; "ஆம், இல்லை" என்பதற்கு மேல் வாய் திறந்தால் அதட்டு விழும். இவற்றை எழுதாமல் சாட்சியின் நேர்மையை அளக்கலாமா?

குறுக்கு விசாரணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனால் தப்பிய நிரபராதிகளையும் கண்டிருக்கிறேன். ஆனால் பொலிஸில் ஒப்பமிடும் தாளின் ஆபத்து பெரிது. பொலிஸாரிடம் அளிக்கும் குற்ற ஒப்புதல் செல்லாது என்ற 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் காவல், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ அளித்தால் செல்லும் என்றாகித் தகர்ந்ததும், அச்சுறுத்திப் பெற்றார்கள் என்று நிரூபிக்கும் சுமை எதிரியின் தலையில் விழுந்ததும் தாங்கள் அறியாததல்ல. வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் ஒப்பமிட்ட எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்! திருகோணமலை மாவட்டத்தில் தமிழ்ச் சனங்கள் கொல்லப்பட்ட 1996ஆம் ஆண்டின் குமாரபுரம் படுகொலை வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016இல் ஜூரிகளின் தீர்ப்பில் எதிரிகளான இராணுவத்தினர் விடுதலையானார்கள். அத்தனை தூரம் போய்ச் சாட்சி சொன்ன சனங்களையும் அந்த வரி சுடாதா?

அடுத்த இதழில் கால் பக்கமாவது ஒதுக்கி, பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்ட பின்பே ஒப்பமிடுங்கள் என்று பெரிய எழுத்தில் அச்சிடுமாறு தயவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
களுவாஞ்சிகுடி.